உஸ்தாதுக்கும் பயிற்சி வேண்டும்

மெல்பர்னின் கோபர்க்கில் 1983-இல் கிங் காலித் இஸ்லாமியக் கல்லூரி தொடங்கியது. சிட்னியின் கிரீனேக்கரில் 1989-இல் மாலிக் ஃபஹத் இஸ்லாமியப் பள்ளி வந்தது. நிலம் வாங்குவது, கட்டடம் எழுப்புவது, அரசு நிதி பெறுவது என்றே இப்பள்ளிகளை நிறுவிய முதல் தலைமுறையின் பாடு கழிந்தது. இனிப் பிள்ளைகளின் படிப்பு உயர வேண்டுமானால் கவனம் வகுப்பறைக்குத் திரும்ப வேண்டும். மாணவரின் அடைவில் தெரியும் வேறுபாட்டில் சுமார் 30 விழுக்காடு ஆசிரியரால் வருவது என்று 2003-இல் மதிப்பிட்டார், பின்னர் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கல்வியாளர் ஜான் ஹாட்டி.

இப்பள்ளிகளில் இருவகை ஆசிரியர்கள் உண்டு. கணிதம், ஆங்கிலம் நடத்துபவர்கள் முறையாகப் பயின்று பதிவு பெற்றவர்கள். குர்ஆன் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதோ பெரும்பாலும் மார்க்க அறிவுக்காகவே தேர்ந்தெடுக்கப்படுகிறார். கற்பிக்கும் முறை அவருக்குத் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். வகுப்பே கோரஸாக ‘அல்ஹம்து’ என்று ஓதும்போது, ‘ஹ’வைத் தொண்டையிலிருந்து எழுப்பாத பிள்ளையின் பிழை மற்றவர் குரலில் மறைந்துபோகும். பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்கும் சக ஆசிரியருக்கு அது தெரியும். அடுத்த வாரம் பிள்ளைகளை இருவர் இருவராக ஓதவைத்தால் பிழை பிடிபடும். ஆசிரியர் மேம்பாடு என்பது இப்படித் திரும்பத் திரும்ப நடக்கும் சின்னத் திருத்தங்கள்தான்.

உஸ்தாதின் வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது மரியாதைக் குறைவு என்பார்கள். ஆனால் ஆசானின் முன் அமர்ந்து ஓதி, திருத்தப்பட்டு, இஜாஸா என்னும் கற்பிக்கும் அனுமதியைப் பெறுவதே ஓதும் கலையின் மரபு. கவனிக்கப்படுவது அதற்குப் புதிதல்ல. நேரமில்லை என்பது அடுத்த மறுப்பு. பதிவைத் தக்கவைக்க விக்டோரியாவில் ஆசிரியர்கள் ஆண்டுக்கு 20 மணி நேரப் பயிற்சி பெற்றே ஆக வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பகுதியைச் சொந்தப் பள்ளியின் வகுப்பறைகளில் செலவிட்டு, உஸ்தாதையும் சேர்த்துக்கொண்டால் போதும். நிர்வாகம் சீராக இல்லாமல் எந்தப் பயிற்சியும் பலிக்காது என்ற மறுப்பில் மட்டும் நியாயம் உண்டு. நிர்வாக, நிதிக் குறைகளைக் காரணம் காட்டி, 2016-இல் மாலிக் ஃபஹத் பள்ளியின் நிதியை நிறுத்த மத்திய அரசு முடிவெடுத்தது. கணக்குக்கும் வழக்குக்கும் அலையும் தலைமையாசிரியரால் வகுப்பில் போய் உட்கார முடியாது. எனவே பெற்றோர் ஆண்டுக் கூட்டத்தில் தேர்ச்சி விகிதத்தோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: தலைமையாசிரியர் இந்த ஆண்டு எத்தனை வகுப்புகளைக் கவனித்தார், அதற்குப் பிறகு அங்கே என்ன மாறியது?