நாளுக்கு 45 கிலோமீட்டர்

2000 ஜனவரி 25. அர்ஜென்டினாவின் தலைநகரான புவனஸ் அயர்ஸில், ஒபெலிஸ்க் நினைவுத்தூண் அருகிலிருந்து ஹெர்மன் சாப், காண்டெலரியா சாப் என்ற இளம் தம்பதி அலாஸ்காவுக்குக் கிளம்பினார்கள். வண்டி, 1928-ல் அமெரிக்காவில் தயாரான கிரஹாம்-பெய்ஜ். சக்கரங்களில் மர ஆரக்கால்கள். மணிக்கு 50 கிலோமீட்டரை ஒட்டிய வேகம். ஆறு மாதத்தில் போய்விடலாம் என்று போட்ட கணக்கு பிசகி, அலாஸ்காவைத் தொட 2003 ஆகிவிட்டது. அதன் பிறகும் அவர்கள் பயணத்தை விடவில்லை. கப்பலில் வண்டியை ஏற்றிக் கண்டம் விட்டுக் கண்டம் போனார்கள். நான்கு பிள்ளைகள் நான்கு வெவ்வேறு நாடுகளில் பிறந்தார்கள். புறப்பட்ட அதே தூணுக்குத் திரும்பிவந்தது 2022 மார்ச்சில்: 22 ஆண்டுகள், 102 நாடுகள், ஏறத்தாழ 3,62,000 கிலோமீட்டர். உலகமெங்கும் இந்தச் செய்தியைச் சொன்னவர்கள், இத்தனை பழைய காரில் இவ்வளவு தூரமா என்று வியந்தார்கள். பழைய கார் என்பதால்தான் இவ்வளவு தூரம் போக முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

தூரத்தை நாட்களால் வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 45 கிலோமீட்டர்கூட முழுசாக வரவில்லை. அந்த வண்டிக்கே அது ஒரு மணி நேர ஓட்டம்தான். நீண்டகாலம் ஓரிடத்தில் தங்கியதும் இந்தச் சராசரிக்குள் அடக்கம். ஆனாலும் விஷயம் தெளிவாகத் தெரிகிறது: அந்த 22 ஆண்டுகளில் பெரும்பகுதி கழிந்தது ஓட்டுநர் இருக்கையில் அல்ல, வழியில் இருந்த ஊர்களில். அந்த ஊர்களில் அவர்களை இறங்க வைத்ததும் பலமுறை வண்டிதான். கிரஹாம்-பெய்ஜ் நிறுவனம் 1940-லேயே கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. உதிரிபாகம் எந்தக் கடையிலும் அடுக்கில் இருக்காது. ஏதாவது உடைந்தால் லேத் பட்டறைக்காரரையோ தச்சரையோ வெல்டிங் தெரிந்தவரையோ தேடித்தான் போகவேண்டும். கையில் இருந்த பணமும் ஈக்வடாரில் தீர்ந்துபோனது. காண்டெலரியா ஓவியம் வரைந்தார், ஹெர்மன் சட்டம் போட்டார், இருவரும் விற்றார்கள். பிறகு தங்கள் பயணத்தையே புத்தகமாக எழுதி விற்று அடுத்த நாடுகளுக்குப் போனார்கள். இரவுகளில் பெரும்பாலும் படுத்தது வழியில் அறிமுகமானவர்களின் வீடுகளில். கோளாறே வராத, குளிரூட்டிய புது வண்டியில் வந்திருந்தால் இத்தனை கதவுகள் திறந்திருக்குமா? உதவி தேவைப்படும் வண்டி ஊருக்குள் வந்து நிற்கும்போது, ஊர்க்காரர்களுக்கும் அந்தப் பயணத்தில் ஒரு வேலை கிடைத்துவிடுகிறது.

இதில் பொறியியலுக்கும் பங்குண்டு. 1920-களில் அமெரிக்காவிலேயே ஊரகச் சாலைகள் பெரும்பாலும் மண்ணும் சரளையும்தான். அன்றைய கார்கள் அதற்கேற்ப உயரமாக, பெரிய சக்கரங்களோடு வந்தன. குண்டும் குழியுமான பாதையில் இன்றைய தாழ்வான கார்களின் அடிப்பாகம் தட்டும் இடத்தை அவை தாண்டிவிடும். இன்ஜினின் அழுத்த விகிதம் மிகக் குறைவு. அதனால் மட்டமான பெட்ரோலிலும் ஓடும். மின்னணுச் சாதனம் எதுவும் இல்லாததால், கெட்டுப்போனது எது என்பதைக் கண்ணால் பார்த்துக் கையால் சரிசெய்யலாம். இதே வண்டியை விரைவுச்சாலையில் ஏற்றினால் கதை வேறு. 1956-ல் சட்டம் இயற்றி அமெரிக்கா கட்டத் தொடங்கிய மாநிலங்களிடை நெடுஞ்சாலைகள் வேகத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் பல மாநிலங்கள் மணிக்கு 40 அல்லது 45 மைல் என்று குறைந்தபட்ச வேகமே வைத்திருக்கின்றன. அங்கே பழைய கார் பிறருக்கும் ஆபத்து, தனக்கும் ஆபத்து. அந்தக் காரின் இடம் உள்சாலைதான்.

இங்கே பழங்கார் ஆர்வலர்களிடமிருந்தே ஓர் ஆட்சேபம் வரும். ஓடினால் தேயும், தேய்ந்தது திரும்பாது, எனவே அரிய வண்டிகளை மூடிய கூரைக்குள் வைத்துக் காப்பதே கடமை என்பார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் ஓடாத காரும் கெடுகிறது. பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும், ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும், பிரேக் துருப்பிடித்து இறுகும், ஒரே நிலையில் நிற்கும் டயர் தட்டையாகும். இதைவிடப் பெரிய இழப்பு கைத்திறமை. மர ஆரக்காலைச் செப்பனிடவும், கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரிப்படுத்தவும் தெரிந்தவர்களுக்கு வேலை வருவது வண்டி ஓடினால்தான். பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012-ல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும், பொதுச் சாலையில் அவற்றை ஓட்டுவதைப் பாதுகாப்பின் அங்கமாகவே கருதுகிறது. சாப் தம்பதி இன்னும் ஒருபடி மேலே போனார்கள். பிள்ளைகள் வந்தபிறகு வண்டியை நடுவில் அறுத்து நீளமாக்கினார்கள். அசல் மாறாமல் காக்க நினைப்பவர்களுக்கு இது நெஞ்சைப் பிளக்கும் செயல். ஒரே ஒரு வண்டி மட்டும் எஞ்சியிருந்தால் நானும் அவர்கள் பக்கம்தான் நிற்பேன். ஆயிரக்கணக்கில் உற்பத்தியான ஒரு மாடலில், ஒன்று ஒரு குடும்பத்துக்காக வளர்ந்ததில் எனக்குக் குறை தெரியவில்லை.

பாதுகாப்புக் கேள்வி இதைவிடக் கடினமானது. 1928 வண்டியில் சீட் பெல்ட் இல்லை, காற்றுப்பை இல்லை, மோதலை உள்வாங்கி நொறுங்கும்படி அமைத்த முகப்பும் இல்லை. வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் கால்பங்காகும் என்பது உண்மை. எதிரே வரும் லாரியின் வேகம் நம் கையில் இல்லை என்பதும் உண்மை. இந்த ஆபத்தை முழுக்கப் போக்க வழியில்லை, குறைக்கத்தான் முடியும்: பகல் ஓட்டம், குறைந்த வேகம், நெரிசலற்ற பாதை. புகை விஷயத்திலும் சமாதானம் சொல்லித் தப்ப முடியாது. வினையூக்கி மாற்றி இல்லாத இன்ஜின் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் அதிகமாகவே மாசுபடுத்தும். அபூர்வமாக ஓடும் வண்டிதானே என்ற வாதம் ஆண்டுக்கு 16,000 கிலோமீட்டர் ஓடிய குடும்பத்துக்குப் பொருந்தாது. அந்த 22 ஆண்டுகளில் அவர்கள் வேறு புதுக் கார்களை மாற்றி மாற்றி ஓட்டியிருந்தால், அவற்றைத் தயாரிப்பதற்கான இரும்பும் மின்சாரமும் செலவாகியிருக்கும் என்பதை மட்டும் எதிர்த்தட்டில் வைக்கலாம். தட்டு சமமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

இந்தியாவில் 2021-ல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைக் கடந்த, பெரிதாக மாற்றப்படாத வண்டி வின்டேஜ் வாகனம். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். இந்த அங்கீகாரம் வரவேற்க வேண்டிய ஒன்று. ஆனால் அப்படிப் பதிவான வண்டி சாலைக்கு வர அனுமதி கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பழங்கார் பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே. கணவனும் மனைவியும் ஒரு பழைய அம்பாசிடரிலோ ஃபியட்டிலோ கிராமச் சாலைகள் வழியே பத்து நாள் போய்வர அதில் இடமில்லை. வேக வரம்பு விதித்து, விரைவுச்சாலைகளைத் தவிர்க்கச் சொல்லி, பகலில் மட்டும் மாவட்டச் சாலைகளிலும் ஊராட்சிச் சாலைகளிலும் ஓட்டலாம் என்று ஒரு பிரிவைச் சேர்ப்பது அரசுக்குப் பெரிய காரியமல்ல. பிரேக்கையும் விளக்கையும் ஆண்டுதோறும் சோதித்துச் சான்று தரவேண்டும் என்பதையும் அதே பிரிவில் கட்டாயமாக்கிவிடலாம்.