தண்ணீரைக் கலக்கிய தேவதூதன்

38 வருடம் ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடந்தால் எப்படியிருக்கும்? உங்கள் அப்பாவின் வயதே அவ்வளவுதான் இருக்கும்!

எருசலேமில் பெதஸ்தா என்றொரு குளம். தேவதூதன் வந்து தண்ணீரைக் கலக்கியதும், முதலில் இறங்குபவருக்கு நோய் தீரும் என்று நம்பி, நோயாளிகள் கரையில் காத்துக் கிடப்பார்கள். 38 வருட நோயாளியான ஒருவருக்கோ, தூக்கி இறக்கிவிட ஆளில்லை. ஒவ்வொரு முறையும் வேறொருவர் முந்திவிடுவார். இயேசு அவரை எழுந்து நடக்கச் சொன்னார், நடந்தார். பைபிளில், யோவான் எழுதிய நற்செய்தியில் வரும் கதை இது.

வேடிக்கை என்னவென்றால், அவர் குளத்தில் இறங்கவே இல்லை! ஆனாலும் கலைஞர்கள் பலர் மனதில் தங்கியது அந்தத் தண்ணீர்தான்.

1832-ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் காலரா பரவி, ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. பிறகு சுமார் 65 கி.மீ. நீளக் கால்வாய் கட்டி, 1842-ல் குரோட்டன் ஆற்று நீரைக் கொண்டு வந்தார்கள். அதன் நினைவாக எம்மா ஸ்டெபின்ஸ் என்ற பெண் சிற்பி வெண்கலத்தில் ஒரு தேவதூதர் சிலை செய்தார். ஒரு கையில் லில்லிப் பூ. மறு கை தண்ணீரை ஆசீர்வதிக்கும். 1873 முதல் 'சென்ட்ரல் பார்க்' பூங்காவில் நிற்கும் அதன் பெயர், பெதஸ்தா நீரூற்று!

அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களிடம் பிறந்த 'வேட் இன் த வாட்டர்' பாட்டிலும் அந்தக் கலங்கிய தண்ணீர் வருகிறது. தண்ணீரில் இறங்கி நடக்கச் சொல்லும் பாட்டு அது. ஆல்வின் எய்லி 1960-ல் அமைத்த 'ரெவலேஷன்ஸ்' நடனத்தில் இதற்கு ஆடுவார்கள். மேடையில் தண்ணீர் ஏது? நீளமான துணிகளை இரு பக்கமும் பிடித்து அசைப்பார்கள், அதுதான் ஆறு. அம்மாவிடம் பழைய நீலப் புடவை கேட்டு, நீங்களும் அசைத்துப் பாருங்கள்!