தீராத உடல் வலியும் வாழும் வழியும்

பாலாற்றுப் பள்ளத்தாக்கில் ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை தோல் தொழில் தழைத்து வளர்ந்திருப்பது யாவரும் அறிந்ததே. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டது முற்காலம். 1970-களுக்குப் பின் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. ஆம்பூர், பேர்ணாம்பட்டு வட்டாரச் சிற்றூர்களிலிருந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் ஷூ கம்பெனி வேலைக்குச் செல்கின்றனர். அவர்களுள் பலர் உழவர் குடும்பத்தினர். வாரத்தில் ஆறு நாள் தையல் எந்திரம்; ஏழாம் நாள் நிலக்கடலைக் கொல்லை.

இத்தகைய பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். கழுத்தில் தொடங்கிய வலி தோளுக்கும் முதுகுக்கும் இடுப்புக்கும் முழங்காலுக்கும் பரவிவிட்டது. இரவு முழுதும் படுத்திருந்தும் காலையில் அடித்துப் போட்டாற்போல எழுகிறாள். அடுப்பில் பாலை வைத்ததையே மறந்துவிடுகிறாள். இரத்தத்தைச் சோதித்தார்கள், குறையில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், பழுதில்லை. “ஒன்றுமில்லை” என்று ஒருவர் சொன்னார். “வேலைக்கு அஞ்சிச் சாக்குச் சொல்கிறாள்” என்றனர் வீட்டார். செய்வினை என்று கயிறு கட்டினார் மற்றொருவர். நகையை அடகு வைத்து நான்கு மருத்துவரைப் பார்த்த பின், ஐந்தாமவர் ‘பைப்ரோமயால்ஜியா’ என்று நோயின் பெயரைச் சொன்னார். பெயர் தெரிந்ததில் அவளுக்கு ஓர் ஆறுதல். ஆயினும் இனி என்ன செய்வது என்பது விளங்கவில்லை. அவளுக்கும் அவளைச் சேர்ந்தோருக்கும் அவ்வூர்ப் பஞ்சாயத்தாருக்கும் பயன்படும் செய்திகளை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோய் இன்னது

நார், தசை, வலி என்னும் பொருள்படும் மூன்று அயல்மொழிச் சொற்கள் சேர்ந்து அமைந்தது இப்பெயர். உடலின் பல பகுதிகளில் மூன்று மாதத்திற்கு மேல் நீடிக்கும் வலி, ஓய்வு தராத உறக்கம், ஓயாத களைப்பு, மறதி ஆகியவை இதன் முக்கிய அடையாளங்கள். தலைவலியும் வயிற்றுக் கோளாறும் மனச்சோர்வும் சிலருக்குச் சேர்ந்தே வருவதுண்டு. ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. உலக நாடுகளின் கணிப்புகளை நோக்கின், ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்கு இது உண்டெனலாம். அக்கணக்கின்படி, வயது வந்தோர் ஆயிரம் பேர் வாழும் ஊரில் இருபது பேராவது இவ்வலியோடு இருக்கக்கூடும்.

இது நகரத்தாரின் நோய் என்று எண்ணுவது தவறு. மகாராஷ்டிரத்தில் புனே நகரை அடுத்த பிக்வான் என்னும் ஊரில் 1996 முதல் மருத்துவர்கள் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்தனர். மூட்டு வாதம் எனத் தெளிவாகப் பெயரிடக்கூடிய நோய்களைக் காட்டிலும், தசை வலியும் இன்னதென்று வகுக்க இயலாத உடல் வலியுமே அங்கு மிகுதியாகக் காணப்பட்டன. உழைக்கும் கிராம மக்களிடையே வலி எவ்வளவு பரவியுள்ளது என்பதற்கு இது சான்று.

முற்காலத்தில் உடலின் 18 இடங்களை அழுத்திப் பார்த்து, 11 இடங்களில் வலித்தால் இந்நோய் என்று முடிவு செய்வர். அமெரிக்க வாத நோய் மருத்துவர் கழகம் 1990-இல் வகுத்த அம்முறை 2010-இல் மாற்றப்பட்டது. வலி பரவியுள்ள இடங்களையும், களைப்பு, உறக்கம், நினைவு ஆகியவற்றின் நிலையையும் விரிவாகக் கேட்டறிந்தே இப்போது நோய் அறியப்படுகிறது. ஆகவே, “எந்தச் சோதனையிலும் தெரியவில்லையே, இது எப்படி நோயாகும்?” என்னும் ஐயத்திற்கு இடமில்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் நாட்பட்ட வலி நோய்களுள் இது இடம் பெற்றுள்ளது.

வலி என்னும் காவற்காரன்

வலியின் இயல்பை உலகிற்கு விளக்கியதில் வேலூருக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்று காட்டினார். வலியை உணரும் ஆற்றல் அற்றுப்போவதால், சூடு பட்டாலும் முள் தைத்தாலும் அவர்கள் அறிவதில்லை. கவனியாத புண்களே உறுப்புகளைச் சிதைக்கின்றன. வலி என்பது உடலின் காவற்காரன் என்பதை இம்மண்ணில் வாழ்ந்த நோயாளிகளே அவருக்குக் கற்பித்தனர் எனலாம்.

பைப்ரோமயால்ஜியா நோயில் நேர்வது இதற்கு மறுதலை. கொல்லையில் திருடன் புகுந்தால் கூவ வேண்டிய காவற்காரன், காற்றில் ஓலை அசைந்தாலும் கூவுகிறான். மூளையும் நரம்புகளும் சிறு அழுத்தத்தையும் பெரு வலியாக உணர்த்துகின்றன. கூச்சல் மெய், உணரப்படும் துன்பமும் மெய். ஆனால் தசையோ எலும்போ அழிந்துகொண்டிருக்கவில்லை. இந்நோயால் மூட்டுகள் கோணுவதில்லை. உயிருக்கு இடையூறும் இல்லை. நோயாளி முதலில் மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை இதுவே. ‘அசைந்தால் உடல் கெட்டுவிடும்’ என்று அஞ்சி முடங்கினால் தசைகள் மெலிந்து வலி மேலும் மிகும்.

வேறு நோயன்று என்று தெளிதல்

எல்லா உடல் வலியையும் இந்நோய் என்று தாமே முடிவு செய்துகொள்ளுதல் கூடாது. இரத்தசோகை, தைராய்டுக் குறைவு, வைட்டமின் டி குறைவு, மூட்டு வாதம் ஆகியவற்றாலும் களைப்பும் வலியும் வரும். அவற்றிற்குத் தனித்தனிச் சிகிச்சை உண்டு. மூட்டு வீக்கம், விடாத காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், கை கால் செயலிழத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவரை அணுக வேண்டும். வேறு நோயில்லை என்று தெளிந்த பின்னர், மீண்டும் மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பொருளை இழப்பதால் பயனில்லை.

நடையே முதல் மருந்து

வாத நோய்க்கெதிரான ஐரோப்பிய சம்மேளனம் 2016-இல் வெளியிட்ட நெறிமுறைகளில், ஆய்ந்த முறைகள் அனைத்திலும் உடற்பயிற்சி ஒன்றையே உறுதியாகப் பரிந்துரைத்தது. “நாள் முழுதும் உழைக்கிறவளுக்குப் பயிற்சி வேறா?” என்று கேட்கலாம். எந்திரத்தின் முன் குனிந்து ஒரே அசைவை ஆயிரம் முறை செய்வது வேறு. கை வீசி நடப்பது வேறு. முன்னது சில தசைகளை மட்டும் வாட்டும். பின்னது உடல் முழுவதையும் பழக்கும்.

புதிதாகப் பழக்கும் காளையை முதல் நாளே பாரவண்டியில் எவரும் பூட்டுவதில்லை. அதுபோல, முதல் வாரம் நாள்தோறும் ஐந்து அல்லது பத்து நிமிடம் நடந்தாற் போதும். உடல் ஏற்றபின் வாரத்திற்கு ஓரிரு நிமிடம் கூட்டலாம். சில மாதங்களில் அரை மணி நேர நடையை எட்டினால் நன்று. தொடக்கத்தில் வலி சற்றுக் கூடலாம்; அதனால் கேடில்லை. வலி மிக்க நாளில் நடையைக் குறைக்கலாம். அடியோடு நிறுத்த வேண்டா.

மற்றொரு தவறு பலரிடமும் உண்டு. வலி குறைந்த நாளில் தேங்கிய வேலை அனைத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பர். வேலையைப் பகுத்து, இடையிடையே ஓய்ந்து, நல்ல நாளிலும் தீய நாளிலும் ஏறக்குறைய ஒரே அளவு செய்வதே சிறந்தது.

உறக்கமும் மருந்தும்

நலமுள்ள இளைஞர்களின் ஆழ்ந்த உறக்கத்தைச் சில இரவுகள் கலைத்தபோது அவர்களுக்கும் தசை வலி உண்டானதைக் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் 1975-இல் கண்டறிந்தனர். எனவே குறித்த நேரத்தில் படுத்துக் குறித்த நேரத்தில் எழுதல், மாலைக்குப் பின் காப்பி, தேநீர் தவிர்த்தல், படுக்கையில் கைப்பேசியை விலக்குதல் ஆகியன சிறு செயல்களாயினும் பெரும்பயன் தருவன.

அமிட்ரிப்டிலின், டுலாக்சிடின், பிரிகாபலின் போன்ற மருந்துகள் சிலருக்கு உதவுகின்றன. அவை மருத்துவர் சீட்டின்படியே உண்ணத்தக்கவை. அவற்றால் மயக்கமும் தூக்கமும் வரக்கூடுமாதலின், தோல் வெட்டும் எந்திரத்திலும் விளிம்பு சீவும் எந்திரத்திலும் வேலை செய்வோர் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சாதாரண வலி மாத்திரைகளால் இந்நோய்க்குப் பயன் குறைவு. நாள்தோறும் உண்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும். பெயரற்ற பொட்டலங்களில் விற்கும் மாத்திரைகளில் ஸ்டிராய்டு கலந்திருக்கக்கூடும். அது எலும்பைத் தேய்த்து, சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். அவற்றை அறவே ஒழிக்க வேண்டும்.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கவை

நோயாளி தனித்துச் செய்யக்கூடியது பாதியே. மீதி, சுற்றத்தாரின் கையில் உள்ளது. முதல் உதவி, அவள் சொல்லை நம்புதல். தண்ணீர்க் குடத்தைக் கணவரோ மகனோ சுமந்தால் அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் மாலையில் பெண்கள் அச்சமின்றி நடக்கத் தெரு விளக்கும் செப்பமான பாதையும் அமைத்துத் தரலாம். மகளிர் சுய உதவிக் குழுவினர் சேர்ந்து நடக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினால், தனியே நடக்க நாணும் பெண்ணும் துணிந்து வருவாள். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரின் பணியும் சேர்க்கப்பட்டது. இத்தகைய உதவிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுமாறு மக்களை வழிப்படுத்துக. ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளி, உரிய தகுதியிருப்பின், மருத்துவர் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகப் பெறலாம். இதை அறியாமல் வேலையை விட்டு நின்றவர் பலர். இருக்கையின் உயரத்தைத் திருத்துதல், மணிக்கொரு முறை எழுந்து நிற்க விடுதல், வேலையை மாற்றித் தருதல் ஆகியவற்றை ஆலை மேற்பார்வையாளரிடம் எடுத்துச் சொல்லவும் ஊர்ப் பெரியவர்கள் உதவலாம்.

இந்நோயை ஒரே நாளில் போக்கும் மருந்து இன்று இல்லை. ஆயினும் மாதங்கள் செல்லச் செல்ல வலி தணிந்து, உறக்கம் கூடி, உழைத்து வாழ்வோர் பலர் உள்ளனர். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இச்செய்தியை ஐந்து நிமிடம் எடுத்துரைப்பீர்களாயின், ‘சோம்பேறி’ என்னும் பழியைச் சுமந்து வாய் திறவாதிருக்கும் பெண் ஒருத்தியேனும் அன்று நிமிர்ந்து உட்காருவாள்.