கச்சானும் கஜுவும் விற்பதற்கு மட்டுந்தானா?

புத்தளம் மாவட்டத்தில் வண்ணாத்திவில்லு, எலுவன்குளம் பகுதிகளில் கஜு மரங்கள் காய்க்கின்றன. கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலம் கச்சானுக்கு ஏற்றது. ஆயினும் நமது கரையோரக் கிராமங்களில் கஜு விருந்தாளிக்கும் வியாபாரிக்கும் உரிய பொருள். கச்சானோ திருவிழா முடிந்து வரும்போது வாங்கும் பொட்டலம். அன்றாட உணவில் இரண்டுக்கும் இடமில்லை.

இது பழைய வழக்கமே. பஞ்ச காலத்தில் யாக்கோபு எகிப்தின் அதிபதிக்குக் கொடுத்தனுப்பிய காணிக்கையில் வாதுமைக் கொட்டைகளும் இருந்தன என்று தொடக்க நூல் 43ஆம் அதிகாரம் கூறுகிறது. வீட்டில் பசி இருந்தபோதும் நல்லது பெரியவருக்கே போயிற்று.

ஏன் தவிர்க்கிறோம்?

முதற் காரணம் விலை. கஜுக் கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கும். அதைத் தாங்கிக் கூலிக்குப் பருப்பு உடைக்கும் தாய்க்கு, ஒரு கைப்பிடியைத் தன் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கக் கட்டுப்படியாவதில்லை.

இரண்டாவது, "கச்சான் பித்தம்" என்ற நம்பிக்கை. அளவுக்கு மிஞ்சித் தின்றால் வயிறு மந்தமாவது உண்மை. ஆனால் அளவோடு உண்பதை இது தடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, கொலஸ்ட்ரோல் பயம். எந்தத் தாவர உணவிலும் கொலஸ்ட்ரோல் இல்லை. கச்சானிலும் கஜுவிலும் கொழுப்பு நிறைய உண்டு. எனினும் அதில் பெரும்பகுதி இருதயத்துக்குத் தீங்கு செய்யாத வகையைச் சேர்ந்தது.

மலிவானது தாழ்ந்ததல்ல

100 கிராம் கச்சானில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் உண்டு. அதே அளவு கஜுவில் 18 கிராம் மட்டுமே. கர்ப்பிணித் தாய்மாருக்குத் தேவையான போலேற்றும் கச்சானில் உண்டு. எனவே கஜு வாங்க முடியவில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றினால் நமது கடல் கொந்தளிக்கும். தொழிலுக்குப் போக முடியாத நாட்களில் கறிச்சட்டியில் மீன் குறையும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மீனும் முட்டையும் எட்டாத விலைக்குப் போனதை நாம் மறக்கவில்லை. இத்தகைய காலத்தில் ஒரு கைப்பிடிக் கச்சான் பிள்ளைக்குப் பெரிய துணை. பிஸ்கட் பசியை ஆற்றலாம். ஆனால் கச்சான் தரும் புரதத்தை அது தராது.

கவனிக்க வேண்டியவை

1. பூஞ்சணம் பிடித்த, நிறம் மாறிய, கசக்கும் பருப்பை எறிந்துவிடுங்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் இறந்தன. அவை தின்ற கச்சான் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சண நஞ்சே காரணம். அஃப்லடொக்சின் எனப்படும் இந்நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முற்றாக நீங்காது. அறுவடை செய்த கச்சானை நன்றாக உலர்த்தி, ஈரம் படாமல் வைப்பதே பாதுகாப்பு.

2. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுப் பருப்பைக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும். பசையாக அரைத்து உணவில் கலந்து கொடுங்கள்.

3. சிலருக்கு இவை ஒவ்வாமையை உண்டாக்கும். உடம்பு தடித்தல், முகம் வீங்குதல், மூச்சுத் திணறல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். அப்படிப்பட்டவர் தவிர்ப்பது அவசியம். ஆனால் ஒவ்வாமைக்குப் பயந்து எல்லாக் குழந்தைகளுக்கும் மறுப்பது சரியல்ல. கைக்குழந்தைப் பருவத்திலேயே கச்சானைப் பழக்குவது இந்த ஒவ்வாமையைப் பெரிதும் குறைக்கிறது என லண்டனில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. கடுமையான கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மட்டும் வைத்தியரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

நாம் செய்யக்கூடியது

பங்குகளிலுள்ள மாதர் சங்கங்கள் கச்சானை மொத்தமாக வாங்கி, துப்புரவாக்கி, வறுத்துப் பங்கிடலாம். முன்பள்ளிகளில் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் யார் என்று பெற்றோரிடம் விசாரித்தபின், கச்சானை மாவாக இடித்துப் பாலப்பிட்டில் அல்லது கஞ்சியில் சேர்க்கலாம். கஜு உடைக்கும் வீடுகளில் நொறுங்கிய பருப்பிலாவது ஒரு பங்கு பிள்ளைகளுக்கென ஒதுக்கப்படட்டும். நம் மண்ணில் விளைவதை ஊருக்கெல்லாம் கொடுக்கும் நாம், அதில் ஒரு கைப்பிடியை நம் பிள்ளைகளின் கோப்பையிலும் போடுவோம்.