பத்துக்குப் பத்து ரூமும் ‘நேஷனாலிட்டி’ கட்டமும்

கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்கு ஒரு தடவையாவது போகாத புதுச்சேரிக் குடும்பம் ரொம்பக் குறைவு. மொட்டை, காதுகுத்து, பொங்கல்னு ஏதாவது ஒரு காரணம் வந்துடும். எங்க நோணாங்குப்பத்திலிருந்து கிளம்பினால் டவுன் தாண்டி, ஈசிஆரில் காலாப்பட்டுக்கும் வடக்கே போகணும். அதே கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கு. கோயிலைத் தெரிந்த அளவுக்கு நமக்கு முகாமைத் தெரியாது.

போரில் வீடு இழந்து வந்தவர்களை எந்த நாடு எப்படி வைத்துக்கொள்கிறது என்ற பேச்சு வந்தால், நாம் உடனே உக்ரைன், சிரியா என்று போய்விடுகிறோம். அதற்கு முன்னாடி ஈசிஆரிலேயே இருக்கிற உதாரணத்தைப் பார்க்கலாம்.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்கள் மீது நடந்த வன்முறைக்குப் பிறகு படகுகள் ராமேஸ்வரம் பக்கம் வர ஆரம்பித்தன. சண்டை நின்றபோது வருவது நின்றது, மறுபடி மூண்டபோது மறுபடி வந்தார்கள். இப்படி நாலு அலை; கடைசி அலை 2009-ல் போர் முடிந்த சமயம் வரை நீண்டது. மொத்தம் சுமார் 3 லட்சம் பேர். முதலில் மண்டபம் முகாமில் பதிவு, பிறகு மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்புதல். நிறைய பேர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். 2021 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர். முகாமுக்கு வெளியே போலீஸ் பதிவோடு வாழ்பவர்கள் சுமார் 34,000 பேர்.

தமிழ்நாடு ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாத உதவித்தொகை, ரேஷன் அரிசி, அரசுப் பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. 2021 ஆகஸ்டில் குடும்பத் தலைவருக்கான தொகை 1,000-லிருந்து 1,500 ரூபாய் ஆனது. பழைய பத்துக்குப் பத்து ரூம்களுக்குப் பதிலாக 7,469 வீடு கட்டுவோம் என்று அறிவித்தார்கள். அதிக மார்க் எடுக்கும் 50 இன்ஜினியரிங் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசே கட்டும் என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. 1984 முதல் இயங்கும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் மாதிரி அமைப்புகள் பிள்ளைகளின் படிப்பை விடாமல் பிடித்துக்கொண்டதும் பெரிய விஷயம்.

சிக்கல் காகிதத்தில்தான் இருக்கு. 1951-ல் ஐ.நா. கொண்டுவந்த அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. உள்நாட்டிலும் அகதிகளுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. அதனால் சட்டத்தின் கண்ணில் ‘அகதி’ என்று ஒரு ஆளே இல்லை, வெளிநாட்டவர் மட்டும்தான். பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்திருந்தால் ‘சட்டவிரோதக் குடியேறி’. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் ஏறுகிறவர் விசா எடுத்துக்கொண்டா வருவார்? ஆனால் 2003-ல் குடியுரிமைச் சட்டத்தில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பெயர் விழுந்தவர் எத்தனை வருஷம் இங்கே இருந்தாலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைக்கும் பிறப்பால் குடியுரிமை வராது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? குறிப்பிட்ட நாட்களில் அதிகாரிகள் தணிக்கைக்கு வரும்போது ஆள் நேரில் இருக்கணும். நாள்கணக்கில் வெளியூர் போக அனுமதி வாங்கணும். முகாம் ஆண்கள் அதிகம் பெயின்ட் அடிக்கிற வேலைக்கும் கூலி வேலைக்கும் போவதற்குக் காரணம், அங்கே யாரும் பேப்பர் கேட்பதில்லை. முகாமிலிருந்து வந்து நம்மோடு அதே அரியர் பயத்தோடு நாலு வருஷம் படிக்கிற ஒருவர் பிளேஸ்மென்ட் ஃபார்மைத் திறந்தால், சிஜிபிஏ கட்டத்தைத் தாண்டி ‘நேஷனாலிட்டி’, ‘பாஸ்போர்ட் எண்’ கட்டங்களில் நின்றுவிடுவார். அரசு வேலைக்கும் எழுத முடியாது. அவர் பிறந்ததே தமிழ்நாட்டில்தான் என்பது அந்தக் கட்டத்தில் எழுத உதவாது.

ஒரு தேதி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கேஸ் போதும். 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியக் குடிமகன் என்பது சட்டம். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதை வைத்து சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் பாஸ்போர்ட் பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்கிறவர். அவரே ரெண்டு வருஷம் கழித்துப் பிறந்திருந்தால் கதை வேறு.

எல்லாருக்கும் இந்தியா இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. 1959-க்குப் பிறகு வந்த திபெத்தியர்களுக்குக் கர்நாடகாவின் பைலகுப்பேயில் விவசாயம் செய்ய நிலமே ஒதுக்கினார்கள். அவர்களுக்கு வெளிநாடு போகத் தனி அடையாளச் சான்று உண்டு, 2014-ல் தனிக் கொள்கையும் வந்தது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு வழி திறந்தது. அந்த லிஸ்டில் இலங்கை இல்லை. ஏன் இல்லை என்பதற்கு எனக்கு இதுவரை திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

மற்ற நாடுகளைப் பார்க்கும்போது மூணு கேள்வி கேட்டால் போதும்: எங்கே தங்கலாம், வேலை செய்யலாமா, எப்போது குடிமகன் ஆகலாம்? ஜோர்டானின் ஜாதரி முகாம் 2012-ல் பாலைவனத்தில் கூடாரங்களாக ஆரம்பித்து ஒரு நகரம் அளவுக்கு வளர்ந்தது. 2017-ல் 12.9 மெகாவாட் சோலார் நிலையமே வைத்தார்கள். இஇஇ நண்பர்கள் தேடிப் படிக்கலாம், நல்ல ப்ராஜெக்ட். ஆனால் சிரியர்களுக்கு ஜோர்டான் குடியுரிமை பேச்சே இல்லை. உகாண்டா நம்மைவிட ஏழை நாடு. அங்கே 2006 சட்டப்படி அகதி வேலை செய்யலாம், நாட்டுக்குள் நடமாடலாம், குடியேற்றங்களில் பயிர் செய்யத் துண்டு நிலமும் தருகிறார்கள். குடியுரிமை மட்டும் அங்கேயும் கஷ்டம்.

ஜெர்மனி வருகிறவர்களை மாநிலங்களுக்குப் பிரிக்க ஒரு ஃபார்முலா வைத்திருக்கிறது: வரி வருமானத்துக்கு மூணில் ரெண்டு பங்கு வெயிட்டேஜ், மக்கள்தொகைக்கு ஒரு பங்கு. குடியுரிமைக்கான காத்திருப்பை 2024-ல் எட்டு வருஷத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தார்கள். உக்ரைன் போர் வந்தபோது ஐரோப்பிய ஒன்றியம் 2001-லேயே எழுதி அலமாரியில் வைத்திருந்த தற்காலிகப் பாதுகாப்பு விதியை 2022 மார்ச்சில் முதல்முறையாக எடுத்தது. போர் தொடங்கிய சில நாட்களிலேயே தங்கும் உரிமை, வேலை உரிமை இரண்டும் கிடைத்தன. அதே ஐரோப்பா 2015-ல் சிரியர்களுக்கு அந்த விதியை எடுக்கவில்லை.

நம் கதைக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது கனடா. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கரையோரம் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அரசு அவர்களுக்குத் தங்கவும் வேலை செய்யவும் அனுமதி கொடுத்தது. 2010-ல் சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோதோ பிடித்துத் தடுப்புக் காவலில் வைத்தார்கள், பலரை மாதக்கணக்கில். கனடாவும் ஒரே மனநிலையில் இருந்ததில்லை. ஆனாலும் அங்கே அகதி என்பதற்கு ஒரு முடிவுத் தேதி இருக்கு. சின்ன வயதில் இலங்கையிலிருந்து அகதியாகப் போன கேரி ஆனந்தசங்கரி 2015-ல் எம்.பி. ஆனார், 2025-ல் அந்த நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார்.

காகிதத்தின் மதிப்பைப் புதுச்சேரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1962 ஆகஸ்ட் 16-ல் இணைப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, இங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுக்கிறார்கள். எழுதாதவர்கள் இந்தியர் ஆனார்கள். இரண்டில் எது எடுத்தாலும் ஒரு நாடு கையில் இருந்தது.

கீழ்புத்துப்பட்டு முகாமுக்கு வந்திருப்பது 2025 செப்டம்பரின் மத்திய அரசு உத்தரவு. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள். நல்ல விஷயம்தான், ஜெயில் பயம் போச்சு. குடியுரிமை பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ‘நேஷனாலிட்டி’ கட்டத்தில் எழுதவும் அதில் எதுவும் இல்லை.