ஜூ டவுன்: மண்ணுக்கு மேலே கிடக்கும் சான்றுகள்

கேரள யூதர்கள் தங்கள் பூர்வீகம் என்று சொல்வது கொடுங்கல்லூரை. அதற்கு அருகே பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கவுன்சில் அகழாய்வு நடத்தியது. சங்க இலக்கியத்து முசிறி இதுவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிச் சில்லுகள், செங்கல் கட்டுமானம், மரத்தோணி எல்லாம் கிடைத்தன. யூதர் குடியிருந்த வீடு இதுதான் என்று கைகாட்டும்படி எதுவும் கிடைக்கவில்லை. பானை ஓடு அதில் சமைத்தவரின் மதத்தைச் சொல்லாதே!

அவர்கள் வாழ்ந்த தடம் செம்பிலும் கல்லிலும்தான் இருக்கிறது. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்குச் செப்பேடு கொடுத்தார். அதில் வரிவிலக்கு, பல்லக்கு, குடை என 72 உரிமைகள். எழுத்து வட்டெழுத்து. சேந்தமங்கலத்தில் 1269-ஆம் ஆண்டு எபிரேயக் கல்லறைக் கல் ஒன்று உண்டு. கொச்சங்காடியில் 1344-இல் எழுந்த ஜெப ஆலயம் மறைந்துவிட்டது. அதன் கல்வெட்டு மட்டும் மட்டாஞ்சேரிப் பரதேசி ஜெப ஆலயத்தின் சுவரில் பதிந்திருக்கிறது.

1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். காலடியில் சீனத்து நீல-வெள்ளை ஓடுகள். எல்லோரும் அவற்றைத்தான் படம் பிடிக்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது முன்னறையை. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்களும் யூதர்களே. ஆனாலும் அன்று உள்கூடத்தில் உட்கார அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. இந்த அறையோடு நிற்க வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஏ.பி. சேலம் காந்திய வழியில் சத்தியாகிரகம் செய்து அதை எதிர்த்தார். எந்த அகழாய்வுக் குழியும் இந்த அன்றாடத்தைக் காட்டித் தராது. இன்று இந்த ஆலயம் நிற்கும் ஜூ டவுன் தெருவுக்கு அவர் பெயர்.

பெண்களுக்கு மாடி. அவர்களுடைய மலையாள யூதப் பாட்டுகள் கல்லில் ஏறவில்லை; கையெழுத்து நோட்டுகளில் தலைமுறை தலைமுறையாக வந்தன.

1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அதே மட்டாஞ்சேரியில் இருந்த கடவும்பாகம் ஜெப ஆலயம் சரக்குக் கிடங்கானது. அதன் செதுக்கு மரக் கூரையும் உள்வேலைப்பாடும் ஜெருசலேம் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போயின. இங்கே எஞ்சி நின்ற கட்டடத்தின் ஒரு பகுதி 2019 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது.