தரகரை அறிந்தபின் வீட்டைக் காட்டுங்கள்

மகளின் திருமணம், மகனின் மேற்படிப்பு, சகோதரர்களுக்கிடையே பாகப் பிரிவினை, பிழைக்கச் சென்ற இடத்தில் ஏற்பட்ட கடன் எனக் காரணம் எதுவாயினும், வீட்டை விற்பது என நீங்கள் முடிவு செய்த செய்தி தெருவைக் கடப்பதற்குள் தரகர்கள் உங்கள் வாசலுக்கு வந்து விடுகிறார்கள். ஒவ்வொருவரும் முன்னால் வந்தவரைவிட ஓர் இலட்சம் கூட்டியே விலை சொல்கிறார். அதிகம் சொன்னவரே நமக்கு வேண்டியவர் என நம்பிச் சாவியை அவரிடம் ஒப்படைத்து விடுகிறோம்.

பெருநாளுக்குத் துணி எடுக்கப் பத்துக் கடை ஏறி இறங்கும் நாம், ஆயுளின் உழைப்பெல்லாம் அடங்கிய வீட்டை ஒருவர் கையில் கொடுக்கும்போது அவரைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. இது சரிதானா என்று சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

தரகரின் கணக்கு

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். உங்கள் வீட்டின் விலை 50 இலட்சம்; தரகு நூற்றுக்கு 1 என வைத்துக் கொள்வோம். தரகருக்குக் கிடைப்பது 50,000 ரூபாய். அதே வீடு 48 இலட்சத்திற்கு விலை போனால் அவருக்கு 48,000 கிடைக்கும். உங்களுக்கு நட்டம் 2 இலட்சம். அவருக்கு நட்டம் 2,000 மட்டுமே. அந்த 2,000 ரூபாய்க்காக அவர் மேலும் மூன்று மாதம் அலைவாரா, அல்லது, "இந்த விலையை விட்டால் வேறு ஆள் வராது" என்று உங்களை அவசரப்படுத்துவாரா?

தரகர் கெட்டவர் என்பதல்ல இதன் பொருள். வியாபாரம் விரைவில் முடிவதில் அவருக்கு நன்மை. நல்ல விலைக்கு முடிவதில் உங்களுக்கு நன்மை. இந்த வேறுபாட்டை உணர்ந்தவரே சரியான தரகரைத் தேர்ந்தெடுக்க முடியும்.

ஆகவே அதிக விலை சொல்பவரைத் தேடாதீர்கள். "இந்தத் தெருவில் அண்மையில் விலைபோன வீடுகள் எவை? அவற்றில் நீங்கள் முடித்தவை எத்தனை?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் வீட்டுக்காரர்களிடம் நேரில் சென்று விசாரியுங்கள். உங்களுக்குக் கசப்பான விலையைக் காரணத்தோடு சொல்பவர், இனிப்பான விலையைக் காரணமின்றிச் சொல்பவரைவிட மேலானவர்.

முதலில் கேட்பது எதை?

நல்ல தரகர் ஆளை அழைத்து வருவதற்கு முன் பத்திரங்களின் நகலைக் கேட்பார். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம் ஆகியவை சரியாக உள்ளனவா என்று பார்ப்பார். வில்லங்க விவரங்களையும் அரசின் வழிகாட்டி மதிப்பையும் பதிவுத்துறையின் இணையதளத்தில் நீங்களே பார்த்துக் கொள்ளலாம்.

மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் வந்தது. அச்சட்டப்படி பதிவான மனைப்பிரிவுகளையும் அடுக்குமாடித் திட்டங்களையும் விற்றுத் தரும் முகவர்கள் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். நீங்கள் குடியிருந்த பழைய வீட்டை விற்றுத் தருபவருக்கு அக்கட்டாயம் இல்லை. எனவே பதிவெண் இருப்பதைக் கொண்டு மட்டும் ஒருவரை நம்பிவிட வேண்டாம்.

உம்மாவின் கையொப்பம்

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுப்பது நெடுநாளைய வழக்கம். பத்திரம் பெண்ணின் பெயரில் இருக்கும். பேச்சு மட்டும் ஆண்களிடம் நடக்கும். உரிமையாளரான அந்தப் பெண்ணிடம் விலையையும் நிபந்தனையையும் நேரில் சொல்லாத தரகர் உங்களுக்கு வேண்டாம்.

வாப்பா மறைந்தபின் விற்கும் வீடாயின் இன்னும் கவனம் தேவை. பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு உண்டு. மகனின் பங்கில் பாதி மகளுக்கு உண்டு. வாரிசுகள் அனைவரும் கையொப்பமிட்டால்தான் விற்பனை முழுமை பெறும். "உங்கள் சகோதரிகள் கையெழுத்து எதற்கு? நான் பார்த்துக் கொள்கிறேன்" என்று ஒரு தரகர் சொன்னால், அவரை அன்றே அனுப்பி விடுங்கள். அவர் காட்டுவது நாளை நீதிமன்றத்திற்கும், மறுமையில் கேள்விக் கணக்கிற்கும் செல்லும் வழி.

எழுத்தில் இருக்கட்டும்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளுமாறு திருமறை நமக்குப் பணிக்கிறது. தரகையும் எழுதிக் கொள்வதில் வெட்கம் எதற்கு? தரகு எவ்வளவு, எப்போது தருவது, எத்தனை மாதம் அவருக்கு அவகாசம், வேறு தரகர்களும் ஆள் கொண்டு வரலாமா என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். தரகுத் தொகையைப் பத்திரப் பதிவு முடிந்த அன்று தருவதே நலம்.

விலை பேசும்போது வாங்குபவரும் நீங்களும் நேருக்கு நேர் அமர்ந்திருக்க வேண்டும். "உங்களுக்கு 50 போதும்தானே, மேலே கிடைப்பது என் பாடு" என்பவர், வாங்குபவரை உங்கள் கண்ணில் காட்டவே மாட்டார்.

மூலப்பத்திரத்தைத் தரகரிடம் கொடுக்காதீர்கள், நகல் போதும். அவர் பெயரில் அதிகாரப் பத்திரமும் எழுதிக் கொடுக்காதீர்கள். சிறு முன்பணம் தந்து தம் பெயரில் விற்பனை ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அதன்பின் ஆள் தேடுவோரும் உண்டு. உங்கள் வீடு மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். முன்பணத்தை வங்கி வழியாகவே பெறுங்கள். 2015 ஜூன் முதல், வீடு விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கப்படலாம்.

நம் பக்கத்தையும் பார்ப்போம்

தரகரிடம் நாணயத்தை எதிர்பார்க்கும் நாம் நாணயமாக நடக்கிறோமா? அவர் அழைத்து வந்தவரிடமே இரவில் தனியாகப் பேசி முடித்துவிட்டு, "இது எங்கள் உறவில் முடிந்தது" என்று தரகை மறுப்பவர்கள் நம்மில் இல்லையா? அது ஓர் உழைப்பாளியின் கூலியைப் பறிப்பதாகும்.

மழையில் ஒழுகும் கூரையையும் உப்பாகிப்போன கிணற்றையும் மறைக்குமாறு தரகரிடம் சொல்வதும், வாங்கும் எண்ணமில்லாதவரை நிறுத்தி விலையை ஏற்றச் செய்வதும் நபி (ஸல்) அவர்கள் தடுத்த செயல்கள். அத்தகைய வேலைக்கு இணங்கும் தரகர் நாளை உங்களுக்கெதிராகவும் அதையே செய்வார்.

வீடு விற்கும் நாளில் பெரும்பாலும் நம் கையில் அவகாசம் இராது. ஆயினும் தரகரை விசாரிக்க ஒரு வாரம் ஒதுக்குங்கள். அந்த ஒரு வாரம் உம்மாவின் பங்கையும், சகோதரிகளின் உரிமையையும், குடும்பத்தின் ஒற்றுமையையும் காக்கும், இன்ஷா அல்லாஹ்.